பாதியில் நின்ற ஆட்டம்: ஒரு டாட்டூ டிசைன் தேர்வானது எப்படி?

அக்காவும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். அக்காவுக்கு 41 வயது, பள்ளி ஆசிரியை. தம்பிக்கு 33. நான்கு வருடங்களுக்கு முன்பு அக்காவின் இடது சிறுநீரகத்தை எடுத்துத் தம்பிக்கு வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே டாட்டூ வேண்டும். கைப்பேசியில் படம்கூடத் தயாராக இருந்தது: இரண்டு சிறுநீரகங்கள், நடுவில் இதயத் துடிப்புக் கோடு, சுற்றிலும் பச்சை ரிப்பன், கீழே அறுவை சிகிச்சை நடந்த தேதி.

இருவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பதினோரு வருடமாக டாட்டூ போடும் வேலையில் இருக்கிறேன். அர்த்தமுள்ள டாட்டூ வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு சின்னத்தோடு வருவார்கள். முடிவிலிக் குறி, இறகு, நங்கூரம், துடிப்புக் கோடு. அதில் தப்பு எதுவும் இல்லை. எல்லோரிடமும் ஒரே குறி இருப்பதே பலமாகிற இடங்களும் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் ஏமி ப்ளூயல் என்ற பெண் தொடங்கிய அரைப்புள்ளி (;) இயக்கம் அப்படிப்பட்டது. வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணத்தைத் தாண்டி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள அந்தச் சின்னப் புள்ளி உதவுகிறது. அதை மாற்றி வரையச் சொல்லி நான் யாரிடமும் பேச மாட்டேன்.

ஆனால் இந்த இருவரும் கேட்டது வேறு. "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்ததை வச்சுக்கணும்" என்றார் அக்கா. அந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டேன். கையில் இருந்த படத்துக்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

படத்தில் ஒரு எளிய பிழையும் இருந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் முன்பக்கம் வைப்பார்கள். பழைய இரண்டையும் பெரும்பாலும் எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். தம்பிக்கும் அப்படித்தான். ஆக அவர் உடம்பில் மூன்று, அக்காவிடம் ஒன்று. ஜோடியாக இரண்டு சிறுநீரகம் போட்ட அந்தப் படம் இருவரில் யாருக்குமே பொருந்தாது. இதை அவர்களே சொல்லிச் சிரித்தார்கள், அப்புறம் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

தம்பிக்கு ஏன் போடவில்லை

டிசைனுக்குப் போகும் முன் இதைப் பேசியாக வேண்டியிருந்தது. மாற்று உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தம்பி தினமும் எடுக்கிறார். டாட்டூ ஊசி ஒரு இடத்தில் ஆயிரக்கணக்கான முறை தோலைத் திறக்கிறது. நல்ல உடம்பிலேயே அது ஆறும்வரை கவனமாக இருக்க வேண்டும். அவர் உடம்பில் ஒரு சாதாரணத் தொற்றுகூடப் பெரிதாகிவிடலாம்.

மருத்துவரைக் கேட்டு, எழுத்தில் வாங்கி வரச் சொன்னேன். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த சந்திப்புக்குத் தம்பி வந்தபோது முகத்தில் கோபம் தெரிந்தது. "எல்லாமே இப்படித்தான். அவ கொடுப்பா, நான் வாங்கிப்பேன். இப்போ டாட்டூவும் அவளுக்கு மட்டும்" என்றார். இந்தப் பேச்சுதான் பிறகு டிசைனையே மாற்றப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒருவர் உடம்பில் மட்டுமே வரப்போகும் ஒரு டாட்டூவில் இன்னொருவருக்கும் பங்கு எப்படி வரும்? அதைத்தான் இனி நாங்கள் மூவரும் யோசிக்க வேண்டியிருந்தது.

அக்காவுக்குத் தடை இல்லை. அவர் மருத்துவரும் சரி என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு எச்சரிக்கை. வலி தெரியாமல் இருக்க, டாட்டூவுக்கு வருமுன் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர்கள் அந்த வகை மாத்திரைகளைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அவருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனாலும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் சோதனை

முதலில் கொண்டுவந்த படத்தை நான் மறுக்கவில்லை. மறுத்தால் அது நான் எடுத்த முடிவாக ஆகியிருக்கும். அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, தற்காலிக டாட்டூ தாளில் அச்சிட்டு, அக்காவின் முன்கையில் ஒட்டி அனுப்பினேன். குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், வழக்கம்போல இருக்கலாம். கண்ணில் பட்டபோதெல்லாம் மனதில் என்ன தோன்றியது என்று மட்டும் ஒரு வரி எழுதி வரச் சொன்னேன். எந்த டிசைனையும் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திரையில் பார்க்கும்போது அதை நாம் ரசிக்கிறோம். கையில் இருக்கும்போது மற்றவர்கள் அதைப் பற்றி நம்மிடம் பேசுகிறார்கள்.

நான்காம் நாள் அக்கா எழுதி வந்த குறிப்பில் டிசைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுக்க முழுக்க மனிதர்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார். ஆசிரியர் அறையில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு மாணவியின் அம்மா கேட்டார். ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் 'தியாகம்' என்ற சொல்லில்தான் வந்து நின்றார்கள். கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தார்: "எனக்கு அந்த வார்த்தை பிடிக்கலை. அவன் எதிர்ல யாராவது சொன்னா இன்னும் பிடிக்கலை."

ரிப்பன் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது. உறுப்பு தானத்தைப் பற்றி நாலு பேரிடம் பேச விரும்புகிறவருக்கு அது நல்ல தேர்வு. இவருக்கு வேண்டியது எதிர்த் திசையில் இருந்தது: பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியக் கூடாது, தம்பிக்கு மட்டும் புரிய வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல், எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தாலும் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

"என்ன அர்த்தம்" என்று கேட்பதை விட்டேன்

இடையில் நானாக மூன்று வரைவுகள் போட்டேன். ஒரே கோட்டில் வரைந்த சிறுநீரகம் ஒன்று. அதைக் காட்டியதும் "காது மாதிரி இருக்கு" என்றார் தம்பி. சரிதான், அப்படித்தான் இருந்தது. ஒரு வேரிலிருந்து பிரியும் இரண்டு கிளைகள். பிறகு பாதி நிழல் விழுந்த வட்டம். மூன்றும் பார்க்க நன்றாக இருந்தன, ஆனால் மூன்றும் வேறு யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

'உறவு', 'நன்றி', 'உயிர்' போன்ற பெரிய சொற்களைப் படமாக மாற்றப் பார்த்திருக்கிறேன். தவறு அங்கே இருந்தது. பெரிய சொல்லில் ஆரம்பித்தால் எல்லோரும் போய்ச் சேரும் இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அதனால் மூன்றாம் சந்திப்பில் தாளையும் பென்சிலையும் தள்ளி வைத்துவிட்டு வேறு மாதிரி கேட்டேன். அர்த்தத்தை விடுங்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ஆபரேஷன் நாளை அல்ல, அதற்கு முந்தைய சாதாரண நாட்களை. எங்கே உட்கார்ந்திருப்பீர்கள்? கை என்ன செய்துகொண்டிருக்கும்?

பதினான்கு மாதம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்த நாளெல்லாம் அக்கா கூட உட்கார்ந்திருக்கிறார். ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்துலாவை, அதிகம் பயன்படுத்தாத கையில்தான் வைக்கப் பார்ப்பார்கள். தம்பி இடது கைக்காரர். வலது கையின் ரத்தக்குழாய்கள் சரியாக அமையாததால் இடது கையிலேயே வைத்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. எழுதப் பழகாத வலது கை மட்டும் மிச்சம்.

"புள்ளி வச்சு கட்டம் போடுவோம்ல, அதைத்தான் ஆடுவோம்" என்றார் தம்பி. "வேற எதுவும் எனக்கு அந்தக் கையால வராது."

வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஆளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போய், நான்காவது கோட்டால் கட்டத்தை மூடுகிறவர் தன் எழுத்தை உள்ளே போட்டுக்கொள்ளும் அதே விளையாட்டு. கட்டத்தை மூடினால் இன்னொரு முறை ஆடலாம். அக்கா தனக்கு 'அ' போடுவார், தம்பி 'த'. அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா வீட்டில் இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கம்

மறுநாளே கொண்டு வந்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் ஆறுக்கு ஆறு, 36 புள்ளிகள். 25 கட்டம் வர வேண்டியதில் 11 மூடியிருந்தன: தம்பிக்கு ஆறு, அக்காவுக்கு ஐந்து. மீதி திறந்து கிடந்தன. அறுவை சிகிச்சைக்கு முந்தின கடைசி டயாலிசிஸ் அன்று ஆடியது. யாரோ கூப்பிட, நோட்டை மூடி வைத்திருக்கிறார்கள். பிறகு அந்த நோட்டுக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

அடுத்து ஆட வேண்டியவர் யார் என்பதில் அங்கேயே சண்டை வந்தது. "என் முறைதான், நீதான் கடைசியா மூடாம விட்ட" என்றார் தம்பி. "போடா, நல்லா பாரு" என்றார் அக்கா. பத்து நிமிடம் இருவரும் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். மூன்று சந்திப்புகளில் அவர்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதுவரை என் முன் கொடுத்தவரும் வாங்கியவருமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆனா வெறும் புள்ளியும் கோடும்தானே, டாட்டூன்னு சொன்னா நம்புவாங்களா?" என்று தம்பிக்கு ஒரு சந்தேகம். அவருக்கு ஓட்சியைப் பற்றிச் சொன்னேன். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த உடல், ஏறத்தாழ 5,300 வருடப் பழையது. அந்தத் தோலில் 61 குறிகள் இருக்கின்றன. எல்லாமே கோடுகள், சில இடங்களில் கூட்டல் குறி. ஒரு உருவம்கூடக் கிடையாது. பல குறிகள் இடுப்பு, முழங்கால், கணுக்கால் பக்கம் இருப்பதால், வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கோடு போதும்.

நான் திருத்திக் கெடுத்தது

பக்கத்தை ஸ்கேன் செய்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். புள்ளிகள் வரிசை தப்பியிருந்தன, கோடுகள் வளைந்திருந்தன. எல்லாவற்றையும் நேராக்கி, இடைவெளிகளைச் சமமாக்கி, எழுத்துகளையும் அழகாக்கி ஒரு சுத்தமான வரைவு செய்தேன். அதில் பெருமையும் பட்டேன். அக்கா அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார், அந்தக் குரலில் உயிரே இல்லை.

நோட்டை மறுபடி எடுத்து, விளக்கைச் சாய்த்து வைத்து அருகில் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. சில கோடுகள் திடமாக, ஒரே இழுப்பில் போட்டவை. பக்கத்தைத் திருப்பினால் பின்னால் தடமே தெரிகிறது. சில கோடுகள் மெலிதாக, நடுங்கி, புள்ளியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவை. திடமானவை அக்காவின் கை. நடுங்குபவை தம்பியின் வலது கை. 41 கோடுகளில் ஒவ்வொன்றும் யாருடையது என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். நான் நேராக்கியபோது தம்பியைத் துடைத்து எடுத்திருக்கிறேன்.

அவர் பங்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோமே, அது இந்தப் பக்கத்தில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

அதன் பிறகு நான் செய்தது படியெடுப்பு மட்டும். ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. ஒரே ஒரு மாற்றம், அளவு. நோட்டில் புள்ளிக்குப் புள்ளி 6 மில்லிமீட்டர் இருந்தது. அதை ஒன்றரை மடங்காக்கி 9 ஆக்கினேன். மொத்தச் சதுரம் நாலரை சென்டிமீட்டர் வந்தது. சின்னதாக இருந்தால் நளினமாக இருக்குமே என்று அக்கா கேட்டார். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

காரணம் தோல். ஊசி மையைத் தோலின் இரண்டாம் அடுக்கில், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்குகிறது. மேல்தோல் தொடர்ந்து உதிர்ந்து புதிதாகும். கீழே இருக்கும் மை மட்டும் தங்கிவிடும். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் மைத் துகள்களை விழுங்கி வைத்திருக்கின்றன. அந்தச் செல் சாகும்போது துகள் வெளியே வருகிறது, புதிதாக வரும் செல் அதைப் பிடித்துக்கொள்கிறது என்று 2018-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினார்கள். ஆக டாட்டூ என்பது கல்வெட்டு மாதிரி நிற்பதில்லை. கைமாறிக் கைமாறித்தான் நிற்கிறது. வருடங்கள் போகப் போகக் கோடு அகலும், ஓரம் மங்கும். 'அ' என்ற எழுத்தின் சுழியைப் பாருங்கள். எழுத்து மூன்று மில்லிமீட்டர் என்றால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அரை மில்லிமீட்டர்கூட வராது. சில வருடங்களில் அது அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். தமிழில் பெயரோ எழுத்தோ போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சுழிகளைத்தான். ண, ஞ, ஐ எல்லாம் இந்த விஷயத்தில் கஷ்டமான எழுத்துகள்.

நிறத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. கறுப்பு மட்டும். தானத்தின் நிறம் என்று பச்சையில் ஒரு கோடாவது வேண்டுமா என்று யோசித்தோம். பச்சை நிறமிகளை லேசரால் எடுப்பது கறுப்பைவிடக் கடினம். பச்சை 7 என்ற நிறமியை டாட்டூ மையில் பயன்படுத்த 2023 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. அதையெல்லாம்விட, நோட்டில் பச்சை இல்லை.

இடம்

ஆரம்பத்தில் வயிற்றுத் தழும்புக்குப் பக்கத்தில் போட அக்காவுக்கு ஆசை. தழும்பு நான்கு வருடப் பழையது, வெளுத்து, தட்டையாக ஆகியிருந்தது. ஒரு வருடம்கூட ஆகாத, சிவந்த அல்லது புடைத்த தழும்பென்றால் நான் பக்கத்திலேயே போயிருக்க மாட்டேன். இதில் போட முடியும். ஆனால் தம்பி ஒன்று சொன்னார்: "அங்க போட்டா அது ஆபரேஷனைப் பத்தினதா ஆயிடும். இது அதுக்கு முந்தினது." அதற்கு மேல் பேச எதுவும் இருக்கவில்லை. இடது முன்கையின் உள்பக்கம் என்று முடிவானது.

முன்கையில் கட்டங்கள் போடுவது சிக்கலான காரியம். உள்ளங்கையை மேலே காட்டி, அப்புறம் கீழே திருப்பிப் பாருங்கள், மணிக்கட்டுப் பக்கத்துத் தோல் முழுக்கச் சுழலும். மேசையில் கையை நீட்டி வைத்து ஸ்டென்சில் ஒட்டினால், எழுந்து நின்றதும் சதுரம் சரிந்த கட்டமாகிவிடும். அவரை நிற்கச் சொல்லி, கையைச் சும்மா தொங்கவிட்டு, அந்த நிலையில் ஒட்டினேன். முழங்கைப் பக்கம் சற்று ஏற்றி வைத்தேன், அங்கே சுழற்சி குறைவு. நான் முதலில் செய்த நேர்கோட்டு வரைவாக இருந்திருந்தால் எப்படி ஒட்டினாலும் கோணல் கண்ணை உறுத்தியிருக்கும். கையால் வைத்த புள்ளிகள் ஏற்கெனவே வரிசை தப்பியவை என்பதால், தோல் திரும்பும்போது வருகிற கோணலும் அதோடு சேர்ந்துவிட்டது.

குத்திய நாள்

ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. அக்காவின் கோடுகளுக்கு ஏழு ஊசி லைனர் (கோடு போடுவதற்கான ஊசிக் கொத்து), தம்பியின் கோடுகளுக்கு ஐந்து ஊசி. நடுங்கும் கோட்டை நடுங்காத கையால் போட வேண்டும். நம் கை தயங்கினால் ஊசி ஒரே இடத்தில் நின்று மை ஆழத்துக்கு இறங்கி, நீலமாகப் பரவிவிடும். தம்பியின் ஒவ்வொரு கோட்டையும் போடும் முன் காற்றில் இரண்டு முறை வரைந்து பார்த்துக்கொண்டேன். எங்கே தடுமாறியிருக்கிறார், எங்கே திரும்பி வந்திருக்கிறார் என்று. இத்தனை வருடத்தில் இவ்வளவு கவனமாக நான் போட்ட கோடுகள் குறைவு.

தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் இடது கை மேசையில் அசையாமல் இருந்தது. பாதி வேலையில் தம்பி சொன்னார்: "இப்போ நீ அசையக் கூடாது. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்." அக்கா பதில் சொல்லவில்லை. நான் ஊசியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

திறந்த கட்டங்களை அப்படியே விட்டேன். 60 கோடுகள் வரக்கூடிய ஆட்டத்தில் 19 இன்னும் போடப்படாமல் இருந்தன. மூன்று வாரத்தில் மேல்தோல் ஆறிவிட்டது, தொந்தரவு எதுவும் இல்லை. இரண்டு புள்ளிகளில் மட்டும் மை சற்று வெளிறியிருந்தது, இரண்டாம் மாதம் தொட்டுக் கொடுத்தேன்.

பதினான்கு மாதம் கழித்து

டயாலிசிஸ் நடந்த அதே பதினான்கு மாதம் என்று அக்காதான் கணக்குப் பார்த்துச் சொன்னார். பரிசோதித்துப் புகைப்படம் எடுக்க வரச் சொல்லியிருந்தேன். கோடுகள் நன்றாக நின்றிருந்தன. 'அ'வின் சுழிகள் ஐந்தும் திறந்திருந்தன. ஐந்து ஊசிக் கோடுகளுக்கும் ஏழு ஊசிக் கோடுகளுக்கும் உள்ள வித்தியாசம் கையெட்டும் தூரத்திலிருந்தே தெரிந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்கிறீர்கள் என்றேன். "சின்ன வயசு விளையாட்டுன்னு சொல்றேன். எல்லாரும் தாங்க விளையாடினதைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுறாங்க."

கேமராவைக் கிட்டே கொண்டுபோனபோது, மேல் வரிசையில் நான் போடாத ஒரு கோடு தெரிந்தது. நீல நிறம். ஒரு கணம் பயந்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் சாதாரணப் பந்துமுனைப் பேனா. நடுங்கி, புள்ளியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த கோடு. தம்பியின் இடது கை இப்போது தாராளமாக இருக்கிறது, ஆனாலும் வலது கையால்தான் போட்டிருக்கிறார்.

"நேத்து வந்திருந்தான்" என்றார் அக்கா. "தூங்கிட்டு இருக்கும்போது போட்டுட்டான். அது என் முறை."

சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டுப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே எடுங்கள் என்றார்.